மறுகா

அஞ்சாவது தடவையும் தோத்துப்போய்
குருமண்வெளித் துறையில நிக்கிறம்.
பாதை அக்கரையில கிடக்கு.
பதினெட்டுப் பிள்ளையள், ரெண்டு மூங்கில் தடி,
தேசிக்காய்த் தண்ணி தீர்ந்த என்ட நீல வாளி,
வில்வராசா சேரின்ட விசில்
இன்னும் அவர் வாய்க்குள்ள, ஊதாமல்.

கேதுஜா சப்பாத்தைக் கழட்டி
மண்ணைக் கொட்டினாள்.
அவங்கட மைதானத்து மண்.
கொட்டி முடிய நேரமெடுத்தது.

எல்லே தெரியாத ஆக்களுக்குச் சொல்றன்:
இதில பந்து எறியிறதும் எங்கட பிள்ளைதான்,
அடிக்கிறதும் எங்கட பிள்ளைதான்.
எதிராளி எறிஞ்ச பந்து என்டு சொல்லித் தப்பேலாது.
மூணு பந்து.
மூணும் நம்மட கையிலிருந்து வந்து
நம்மட தடிக்குப் படாமல் போகுது.
பட்டால் ஓடோணும்.
ஓடுற முதுகில அவங்கட பந்து விழுந்தால்
முடிஞ்சுது.

முதுகெல்லாம் எனக்குப் பாடம்.
பதினெட்டுச் சேட்டுக்கும் இலக்கம் தைச்சவள் நான்.
ஏழு கொஞ்சம் கோணல்;
அண்டைக்குக் கரண்ட் போயிற்று.
அந்த ஏழு என்ட மகள் நிவேதிகா.
மூணாவது ஆட்டத்தில மூணு தரமும்
ஏழிலதான் பந்து விழுந்தது.
இரவு எண்ணெய் தடவக்குள்ள
ஒரு சொல்லும் இல்லாமல் கிடந்தாள்.
விடிய எழும்பிச் சேட்டை மடிச்சு
அலுமாரியின்ட அடித்தட்டில வச்சாள்,
செத்த ஆக்களின்ட உடுப்பு மாதிரி.

"உன்ட மகளே விளையாடல்ல,
நீ ஏன் கா போறாய்?"
பக்கத்து வளவுப் பரிமளம் கேட்டாள்.
அம்பது தேசிக்காய் வாங்கிற்றன் என்டன்.
வேற பதில் எனக்கும் தெரியாது.

முதல் ஆட்டத்துக்கு ஒரு பஸ் சனம் வந்தது.
ரெண்டாவதுக்கு லான்ட்மாஸ்டர் பெட்டி நிறைய.
நாலாவதுக்கு
நான், கேதுஜாட அப்பா, ஐஸ்பழக்காரன்.
ஐஸ்பழக்காரன் ரெண்டு பக்கத்துக்கும் கைதட்டுவான்,
அது அவன்ட யாவாரம்.
அண்டைக்கு வெண்ட பிள்ளையளும்
எங்களுக்குக் கைதட்டிச்சினம்.
வெயிலை விட அது சுட்டுது.

ஒவ்வொரு முறையும் சேர்
"மறுகா பாப்பம்" என்பார்.
இண்டைக்கு அதையும் சொல்லல்ல.

ஆறுக்கு ஒண்டு.
அந்த ஒண்டு பதினாறாம் இலக்கம், யதுஷா,
அணியில ஆகச் சின்னவள்.
அடிச்ச பந்து எங்க போனது என்டு பார்க்காமல்
அழுதுகொண்டே சுத்தி ஓடி வந்தாள்.
நான் கத்தின கத்தில தொண்டை அடைச்சிற்று.
மற்ற ஆறுக்கும் அங்கால கத்தின சத்தம்
எனக்குக் கேக்கவே இல்ல.

பாதை வந்து முட்டினது.
"என்ன புள்ளயள், வெண்டயளா?"
நாலு முறையும் கேட்ட பாதைக்காரர்
இண்டைக்கு முகத்தைத் திருப்பிக் கயிறு கட்டினார்.
கேக்காமல் விட்டதுதான்
தாங்கேலாமல் இருந்துது.
ஆத்துக்கு நடுவில யதுஷாதான்
தன்பாட்டில சொன்னாள்:
"ஆறுக்கு ஒண்டு, அண்ணன்."
"ஒண்டு ஆரு?"
"நான்."
அவர் ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளி நிப்பாட்டி
அவள் இருக்க இடம் விட்டார்.

மண்டூர்த் துறையில நிவேதிகா,
சைக்கிளோட.
வாளி கொண்டுபோக வந்தாளாம்.
எத்தனைக்கு எத்தனை என்டு கேக்கல்ல.
கேதுஜாட கையிலிருந்த தடியை வாங்கி
ஒருக்கா சுழட்டினாள்,
நகத்தால கணுவைச் சுரண்டினாள்.
"இது ஈரம் காயாத மூங்கில்.
கனதி கூட. வேற வெட்டோணும்."
ஆரும் வாய் திறக்கல்ல.
"திங்கள் பின்னேரம் பிறக்டிஸ் எத்தனைக்கு?"

அப்பதான் சேர்
வாயிலிருந்து விசிலை எடுத்தார்.
எடுத்தும் ஒண்டும் சொல்லல்ல,
நாலு விரலைக் காட்டினார்.